குற்றஞ்சாட்டப்பட்டவர் நிற்குமிடம்

கட்டடக் கலைஞர் என்று கதவில் பலகை மாட்டியிருந்தும் ஊரில் யாரும் அவளை அப்படிச் சொன்னதில்லை. கோர்ட்டம்மா என்றால் தபால்காரரிலிருந்து டாக்சிக்காரர் வரை எல்லோருக்கும் தெரியும். ஊருக்குப் புதிதாக வந்த சிலர் அவளை நீதிபதி என்று நினைத்துக் கும்பிடு போட்டதும் உண்டு. "நான் தீர்ப்பு சொல்றவ இல்லைங்க, செவுரு வைக்கறவ" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். நின்று பேசுகிற வழக்கமே அவளிடம் கிடையாது.

அவளுக்குக் காலில் சக்கரம் என்பார் கணவர். அவர் கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருந்தார். நாள் முழுக்க ஒரே முக்காலியில் உட்கார்ந்து மாத்திரை எடுத்துக் கொடுத்தே பழகிய மனிதர். இவளோ சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பாதியில் எழுந்துபோய் ஜன்னல் கதவின் கீலை ஆட்டிப் பார்த்துவிட்டு வருவாள். "இந்த வீட்டுக்கு பிளான் போட்டப்ப எல்லாத்துக்கும் இடம் வச்ச. நீ உக்கார மட்டும் இடம் வைக்க மறந்துட்ட" என்று அவர் சொல்லாத வாரம் கிடையாது.

படிப்பு முடிந்ததும் கூடப் படித்தவர்களெல்லாம் தலைநகரத்துக்கு மூட்டை கட்டினார்கள். இவள் சொந்த வட்டாரத்திலேயே நின்றுவிட்டாள். ஊர்ப்பாசமெல்லாம் காரணமில்லை. தலைநகரத்தில் பத்து வருஷம் அடுத்தவர் கட்டடத்துக்குக் கழிப்பறை வரைய வேண்டும், இங்கே இருந்தால் சின்ன வயதிலேயே ஒரு முழுக் கட்டடத்தைத் தனியாகக் கொடுப்பார்கள் என்ற கணக்குதான். கணக்கு பொய்க்கவில்லை. முதலில் ஒரு தபால் நிலையம், பிறகு ஒரு நூலகம், ஒரு தீயணைப்பு நிலையம், ஒரு பதிவு அலுவலகம். அந்தப் பதிவு அலுவலகத்தில், கல்யாணத்தைப் பதிய வருகிற ஜோடிகளும் சொத்தைப் பிரித்துக்கொள்ள வருகிற அண்ணன் தம்பிகளும் ஒரே ஜன்னலில் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, ஆளுக்கொரு வாசல் வைத்தாள். சிரிக்கிறவர்கள் ஒரு பக்கம், முறைக்கிறவர்கள் ஒரு பக்கம். தன் மகள் கல்யாணத்தைப் பதிய வந்த ஒரு நீதிபதி அந்த ஏற்பாட்டைப் பார்த்து, "இதை யார் செஞ்சது?" என்று விசாரித்தார். அப்படித்தான் முதல் நீதிமன்றம் அவள் கைக்கு வந்தது.

புதியதை வரையுமுன் பழையதை அளந்து பார்க்க வேண்டுமல்லவா. மதிய இடைவேளையில், ஆளில்லாத கோர்ட் ஹாலுக்குள் டேப்பும் பென்சிலுமாக அவள் தனியாகப் போனாள். நீதிபதி மேடையை அளந்தாள், வக்கீல்கள் மேஜையை அளந்தாள். கடைசியாகக் குற்றவாளிக் கூண்டு. தலைக்கு மேல் வரை கம்பி போட்ட கூண்டு அது. உள்ளே போய் அகலத்தைப் பிடித்தபோது பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வெளிப்பக்கத் தாழ்ப்பாள் எடை தாங்காமல் தொப்பென்று விழுந்து மாட்டிக்கொண்டது. கையை வெளியே விட்டுத் துழாவிப் பார்த்தாள். எட்டவில்லை.

கூப்பிட்டால் யாராவது வருவார்கள் என்று முதலில் சிரிப்புதான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு வக்கீல் வந்தார். கம்பிக்குள் நின்ற அவளை ஒருதரம் பார்த்துவிட்டுத் தன் வழக்குக் கட்டைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்துவிட்டார். அடுத்து வந்தவர் பார்க்கவேயில்லை. "சார், கொஞ்சம் கதவத் திறந்து விடுங்க, நான் அளக்க வந்தவ" என்று இவள் சொன்னதும், அந்த முதல் வக்கீல், "வக்கீல் வச்சிருக்கியாம்மா?" என்று கேட்டார். கேலி செய்யவில்லை, அக்கறையாகத்தான் கேட்டார். கடைசியில் ஊழியர் ஒருவர் சாவிக்கொத்தோடு வந்து, தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டே, "எந்த ஸ்டேஷன்லேர்ந்து கூட்டி வந்தாங்க?" என்றார். கையிலிருந்த டேப்பைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

வீட்டில் இதைச் சொன்னபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து, எந்தக் கோர்ட் வரைபடத்தில் கை வைத்தாலும் அந்த மூலைக்கு வரும்போது பென்சில் நின்றுவிடும். நல்ல உடை, படிப்பு, சொந்த ஊர், பேச்சு எல்லாம் இருந்தும் நாலு கம்பி எப்படித் தன்னை ஒரு நொடியில் குற்றவாளியாக்கியது என்பது அவள் மனதைக் குடைந்துகொண்டே இருந்தது.

முதல் சில கோர்ட்டுகளில் அவள் பேச்சு எடுபடவில்லை. கம்பி வேண்டும் என்றார்கள், போட்டாள். அப்புறம் வந்தவற்றில் கம்பியின் உயரத்தைக் குறைத்தாள். பிறகு மேலே திறந்து விட்டாள். மாவட்டத்துக்கே பெரிதான நீதிமன்ற வளாகம் கிடைத்தபோது, அதுவரை மென்று விழுங்கியதையெல்லாம் துணிந்து வரைந்தாள். கூண்டே கிடையாது. இடுப்பளவு மரச்சட்டம், உள்ளே ஒரு பெஞ்ச், பின்சுவரில் ஒரு கதவு. காவலில் இருப்பவர்களை வண்டியிலிருந்து இறக்கி, பொதுமக்கள் கண்ணில் படாமல் தனி நடைவழியாக அந்தக் கதவுக்கே கொண்டுவந்துவிடலாம். விலங்கோடு யாரையும் ஊர்கோலம் நடத்த வேண்டியதில்லை. வரைபடத்தில் அந்த இடத்துக்குக் கூண்டு என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை. 'குற்றஞ்சாட்டப்பட்டவர் நிற்குமிடம்' என்று எழுதினாள்.

அவளுடைய தம்பி வக்கீல். அதே ஊரில்தான் தொழில். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "என்னக்கா இது, இதப் படிச்சு முடிக்கறதுக்குள்ள தீர்ப்பே வந்துடும் போலிருக்கு" என்றான்.

"கோர்ட்ல எதுதான் சீக்கிரம் முடியுது. படிக்கட்டும்" என்றாள் அவள்.

பொதுப்பணித்துறைப் பொறியாளருக்கு அது பிடிக்கவேயில்லை. அவர் கெட்டவரில்லை. எதையும் இரும்பில் செய்தால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைக்கிறவர். ஆனால் அப்போதிருந்த மாவட்ட நீதிபதி வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கட்டடம் எழும்பியது. திறப்பு விழாவில் ஆளாளுக்குப் பாராட்டினார்கள். அவளோ உட்காரச் சொன்ன நாற்காலியில் உட்காராமல் மாடிப்படிக் கைப்பிடியைத் தடவிக்கொண்டு திரிந்தாள்.

ஒரு மழைக்காலம் கழிந்தது. ஒழுகவில்லை. அந்த நீதிபதி மாற்றலாகிப் போய் வேறொருவர் வந்தார்.

அன்று காலை அவள் ஒரு நூலகத்தின் கூரைமேல் நின்றுகொண்டிருந்தாள். கான்கிரீட் போடுகிற நாள். தம்பியிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, எங்க இருக்க?"

"கூரை மேல. என்ன?"

"கீழ இறங்கிட்டுப் பேசு."

"இருந்த எடத்துலயே சொல்லுடா."

"செஷன்ஸ் கோர்ட்ல அக்யூஸ்ட் ஒருத்தன் தாண்டிட்டான். உன் மரச்சட்டத்த. ஆளு ஓடல, புடிச்சுட்டாங்க. ஆனா பெஞ்ச் கிளார்க் அம்மாக்குக் கை உடைஞ்சிருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க."

கீழே கலவை இயந்திரம் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. மேஸ்திரி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நிறுத்தணுமா மேடம்?" என்று கேட்டார். "நிறுத்தாதீங்க. பாதியில விட்டா விரிசல் விடும்" என்று சொல்லிவிட்டு ஏணியில் இறங்கினாள். எப்படி இறங்கினாள் என்பது பிறகு அவளுக்கு ஞாபகமில்லை.

நடந்ததைத் தம்பி கோர்ட் வாசலில் நின்று விவரமாகச் சொன்னான். குற்றஞ்சாட்டப்பட்டவன் ஒரு வேன் டிரைவர். தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் பக்கத்து வீட்டுக்காரரை அடித்து, அவர் இறந்துபோன வழக்கு. அன்று சாட்சி சொன்னது அவனுடைய சொந்த அண்ணன். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு இறங்கியிருந்தால் தீர்ந்திருக்கும். அண்ணன்காரன் கேட்காததையும் சொன்னான். "அவன் சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தாங்க. அம்மா செத்ததே அவனாலதான்." அவ்வளவுதான். டிரைவர் ஒரு கையை மரச்சட்டத்தில் ஊன்றி எகிறினான். அண்ணனுக்கும் அவனுக்கும் நடுவே இருந்தது, நீதிபதிக்குக் கோப்பு எடுத்துக் கொடுக்கிற பெஞ்ச் கிளார்க்கின் மேஜை. மேஜையோடு அந்த அம்மாவும் சாய்ந்தார். அண்ணன் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை.

"எழுந்து அந்தம்மாவப் பாத்துட்டு அவன் அழுதான்க்கா. 'உங்கள இல்லம்மா, உங்கள இல்லம்மா'ன்னு" என்றான் தம்பி.

அதற்குள் ஊர் வாய் திறந்துவிட்டது. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா. கோர்ட்டா கல்யாண மண்டபமா என்று கேட்டார்கள். கோர்ட்டம்மாவுக்குக் கொலைகாரன் மேல்தான் கருணை, குமாஸ்தா மேல் இல்லை என்றார்கள். திறப்பு விழாவில் அவளுக்கு மாலை போட்ட வக்கீல் சங்கத் தலைவரே, "நான் அப்பவே சொன்னேன்" என்று பேட்டி கொடுத்தார். அவர் அப்போது சொன்னது வாகனம் நிறுத்த இடம் போதாது என்பது மட்டும்தான்.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எப்போதும் இருந்த பரபரப்பு வேறு, இது வேறு. முன்பெல்லாம் கால் போகிற இடத்தில் மனசும் இருக்கும். இப்போது கால் ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம். காரை எடுத்துக்கொண்டு கிளம்புவாள், பாதி வழியில் எங்கே போகிறோம் என்பது மறந்துபோகும். அலுவலகத்தில் பழைய வரைபடங்களை விரிப்பாள், சுருட்டுவாள். வீட்டில் துவைத்த துணியை இரண்டாம் தடவை மடித்து வைத்தாள். கணவர் கடையைச் சாத்திவிட்டு மத்தியானத்திலேயே வந்துவிட்டார்.

"அந்தம்மாவப் போய்ப் பாத்தியா?" என்று கேட்டார்.

"என்னன்னு சொல்லிப் பாக்கறது?"

"ஒண்ணும் சொல்லாத. போய் நில்லு."

"நிக்கத்தான் எனக்கு வராதே" என்றாள். மடித்து வைத்த துணியை மறுபடி பிரித்தாள்.

பெஞ்ச் கிளார்க் வீடு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கதவைத் திறந்தவரே அவர்தான். வலது கையில் மாவுக்கட்டு. அவருக்கும் ஏறக்குறைய அவள் வயதுதான் இருக்கும். வீட்டில் வேறு யாரும் இல்லை. உட்காரச் சொல்லிவிட்டு அவர் நின்றுகொண்டே இருந்தார். அதனால் அவளும் நின்றாள்.

"ரொம்ப வலிக்குதா?"

"ராத்திரிலதான். பகல்ல வேலை இருந்துட்டே இருக்கறதால தெரியல. ஒத்தக் கையால எதுவும் ஓட மாட்டேங்குது. ஒரு டப்பா மூடியத் திறக்க முடியல மேடம். கீழ் வீட்டுப் பொண்ண எத்தன தடவதான் கூப்பிடறது."

"என்னாலதான்னு நினைக்கறீங்களா?" அவள் அதைக் கேட்க வரவில்லை. வாயில் வந்துவிட்டது.

கிளார்க் மாவுக்கட்டை மறு கையால் தாங்கிக்கொண்டார். "உங்க கட்டடம் நல்லாத்தான் இருக்கு. பழைய கோர்ட்ல வெளிச்சமே கிடையாது, கண்ணு போச்சு. இங்க வந்தப்பறம் தலைவலி நின்னுச்சு. அதுக்கு உங்களத்தான் நினைச்சுக்குவேன். ஆனா எம் மேஜைய அங்க போட்டது யாரு மேடம்? அவன் அங்க, சாட்சி இங்க, நடுவுல நான். அது நீங்க வரைஞ்சதா, இல்ல அவங்களாப் போட்டதா?"

"நான் வரைஞ்சதுதான்."

"ம்" என்றார் கிளார்க். கோபப்பட்டிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. "டீ போடறேன்னு சொல்லத்தான் ஆசை. பால் பாக்கெட்ட வெட்ட முடியாது."

அவள் அடுக்களைக்குள் போய்ப் பால் பாக்கெட்டை வெட்டி, இருவருக்கும் டீ போட்டாள். டப்பா மூடிகள் எல்லாவற்றையும் லேசாகத் திருகி, ஒற்றைக் கையால் திறக்கிற மாதிரி வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் அவள் கோர்ட்டுக்குப் போய், கட்டடம் திறந்த பிறகு முதல் தடவையாக, ஒரு சாதாரண ஆளைப்போலப் பின்பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்று சொல்லக்கூடாது. ஒவ்வொரு வழக்குக்கும் ஒருதரம் எழுந்து வெளியே போய் வந்தாள். அப்போதுதான் அதைப் பார்த்தாள். காவலில் இருப்பவர்களைப் பின்கதவு வழியாக யாரும் கொண்டுவரவில்லை. பொது வாசல் வழியாக, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கையில் விலங்கோடு, சொந்தக்காரர்களையும் எதிராளிகளையும் உரசிக்கொண்டே அழைத்து வந்தார்கள். ஒரு பெண் ஓடிவந்து ஒருவன் சட்டையைப் பிடித்தாள். இன்னொருவன் மேல் யாரோ காறித் துப்பினார்கள். அதைத் துடைத்துக்கொள்ளக்கூடக் கையை விடவில்லை.

வளாகத்தைச் சுற்றிக்கொண்டு போய் நடைவழியின் மறுமுனைக் கதவைத் தட்டினாள். காவலர் ஒருவர் திறந்துவிட்டார். அவள் ஆசை ஆசையாக, மேலே வரிசையாகச் சிறு ஜன்னல் வைத்து வெளிச்சம் விழச் செய்த நடைவழி அது. உள்ளே கால் வைக்க இடமில்லை. வழக்குகளில் கைப்பற்றிய சைக்கிள்கள், ஒரு தையல் மிஷின், பஞ்சு பிதுங்கிய மெத்தை, சாக்குமூட்டைகள், உடைந்த நாற்காலிகள்.

"இதென்னங்க?"

"வேற எங்கம்மா வைக்கறது? இருக்கற ஒரே காலி இடம் இதுதான்" என்றார் காவலர். அவர் சொன்னதும் சரிதான். பொருள் வைக்க அவள் கொடுத்திருந்த அறையை வக்கீல் சங்கம் ஜெராக்ஸ் கடையாக்கியிருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் தம்பிக்கு முகமெல்லாம் பல். "தப்பிச்சக்கா. இது போதும். நீ வரைஞ்சது ஒண்ணு, அவங்க பண்ணது ஒண்ணு. ஜட்ஜ் கூப்பிட்டிருக்கற கூட்டத்துல இத மட்டும் சொல்லு. உன் மேல ஒரு தூசி விழாது."

"அந்த டிரைவரையும் கூட்டத்துக்குள்ளாறதான் இழுத்துட்டு வந்திருக்காங்க, காவலர் சொன்னார். அன்னிக்கு அண்ணன்காரனும் வராண்டாவிலயே ஏதோ சொல்லியிருக்கான். சூடாகித்தான் உள்ளயே வந்திருக்கான்" என்றாள் அவள், நடந்துகொண்டே.

"அதத்தான் நானும் சொல்றேன்."

"ஆனா அது மட்டுமான்னு தெரியலடா."

கூட்டம் நீதிபதியின் அறையில் நடந்தது. புது நீதிபதி அதிகம் பேசாதவர். பேசுகிறவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். பொறியாளர், போலீஸ் அதிகாரி, வக்கீல் சங்கத் தலைவர், தம்பி, பெஞ்ச் கிளார்க் எல்லோரும் இருந்தார்கள். பொறியாளர் முன்கூட்டியே ஒரு படம் கொண்டுவந்திருந்தார். எல்லா ஹாலிலும் தலைக்கு மேல் வரை இரும்புக் கம்பி.

"மேடம் கையெழுத்துப் போட்டா உடனே வேலைய ஆரம்பிச்சுடலாம்" என்றார்.

அவள் நடைவழியைப் பற்றிச் சொன்னாள். சைக்கிள்களைப் பற்றி, ஜெராக்ஸ் கடையைப் பற்றி, வாசலில் பார்த்ததைப் பற்றி. போலீஸ் அதிகாரி நெளிந்தார். சங்கத் தலைவர் கூரையில் எதையோ தேடினார். நீதிபதி பொறியாளரைப் பார்த்து, "இது உங்களுக்குத் தெரியுமா?" என்றார். பொறியாளர் தன் படத்தைப் பார்த்துக்கொண்டார். தம்பி மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தான். நிறுத்திக்கொள் என்று அர்த்தம். ஜெயித்தாகிவிட்டது.

அப்போது பெஞ்ச் கிளார்க், தன் மாவுக்கட்டை மேஜைமேல் வைத்துக்கொண்டு கேட்டார். "மேடம், எனக்கு ஒரு சந்தேகம். அந்தக் கதவு திறந்திருந்து, அவன அது வழியாவே அமைதியாக் கொண்டுவந்திருந்தாங்கன்னு வச்சுக்குவோம். அண்ணன் அந்த வார்த்தைய சொன்னப்ப அவன் குதிச்சிருக்க மாட்டானா?"

தம்பி மறுபடி காலை மிதித்தான். மாட்டான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"தெரியலங்க. குதிச்சிருக்கலாம்" என்றாள் அவள்.

தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

"அப்ப கம்பி போட ஒத்துக்கறீங்க" என்றார் பொறியாளர்.

"இல்ல. நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஒருத்தன் குதிச்சான். அதுக்காக இனிமே வர்ற அத்தன பேரையும், தப்பே பண்ணாதவனையும் சேத்து, கம்பிக்குள்ள நிக்கவச்சு எல்லாரும் பாக்கணுமா? தீர்ப்புக்கு முன்னாடியே பாதித் தீர்ப்பு அங்க முடிஞ்சுடும். ஆனா இவங்க கை உடைஞ்சது நான் மேஜைய வச்ச எடத்தால. அத மாத்தறது என் வேலை. சாட்சி இந்தப் பக்கச் செவுத்துக்கு வரட்டும். கிளார்க் மேஜை மேடைய ஒட்டி வரட்டும். நிக்கறவங்களுக்கு முன்னால அகலமா ஒரு பலகை போட்டா எகிறிக் குதிக்கக் கால் வாகு கிடைக்காது. நடைவழியக் காலி பண்ணுங்க. அதுக்கப்பறமும் எவனாவது குதிச்சா..." அவள் நிறுத்தினாள்.

"குதிச்சா?" என்றார் நீதிபதி. அவர் அந்தக் கூட்டத்தில் கேட்ட இரண்டாவது கேள்வி.

"குதிக்கவே மாட்டான்னு சத்தியம் பண்ண என்னால முடியாதுங்கய்யா."

நீதிபதி முடிவை அன்று சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து உத்தரவு வந்தது. நடைவழியை உடனே காலி செய்ய வேண்டும். எல்லா ஹாலிலும் அவள் சொன்னபடி இடங்களை மாற்ற வேண்டும். கொலை வழக்குகள் நடக்கிற செஷன்ஸ் ஹாலில் மட்டும் கம்பி போட வேண்டும். தம்பி அதை வெற்றி என்றான். "பத்துல ஒம்பது உன் பக்கம்க்கா. வேற என்ன வேணும்?" கணவரும் அதையேதான் சொன்னார். அவளுக்கு அந்த ஒன்றுதான் தொண்டையில் முள்ளாக நின்றது.

"நீயே அழகா ஒண்ணு வரைஞ்சு குடுத்துடேன். எப்படியும் போடத்தான் போறாங்க. பொறியாளர் போட்டா மாட்டுத்தொழுவம் மாதிரி இருக்கும்" என்றார் கணவர்.

அவள் உட்கார்ந்து பார்த்தாள். மெல்லிய கம்பி, வளைந்த கம்பி, கம்பிக்குப் பதில் மரம், மரத்துக்குப் பதில் கண்ணாடி. ஒவ்வொன்றாக வரைந்து ஒவ்வொன்றாகக் கிழித்தாள். அழகாக்க அழகாக்க அது கூண்டாகத்தான் தெரிந்தது. கடைசியில் பொறியாளருக்குப் போன் செய்து, "நீங்களே போட்டுக்கங்க. என் பேர் அந்தப் படத்துல வேண்டாம்" என்றாள். அவர் வருத்தப்படவில்லை. "சரிங்க மேடம். எனக்கும் உங்க மேல கோபமில்ல. நாளைக்கு இன்னொரு கை உடைஞ்சா என்னத்தான் கேப்பாங்க" என்றார். அவள் போனை வைத்துவிட்டு, கிழித்த தாள்களைப் பொறுக்கினாள்.

கம்பி வந்தது. வெள்ளிப் பெயின்ட் அடித்து, மூலைக்கு மூலை பற்றவைத்த தழும்போடு நின்றது. அந்த வேன் டிரைவரின் வழக்கு அதற்குள் நின்றபடியே முடிந்தது. கொல்லும் எண்ணத்தோடு அடிக்கவில்லை என்று கோர்ட் சொல்லி, தண்டனை குறைந்தது. அண்ணன் தீர்ப்பன்று வரவில்லை என்று தம்பி சொன்னான். பெஞ்ச் கிளார்க் அன்று லீவு போட்டிருந்தாராம்.

அதன்பின் அடுத்த ஊரில் ஒரு சின்ன நீதிமன்றம் கட்டத் திட்டம் வந்தது. அவளுக்குத்தான் கொடுப்பார்கள் என்று எல்லோரும் நினைத்திருக்க, வேறொருவருக்குப் போய்விட்டது. காரணம் யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவளுக்கு ஒரு பேருந்து நிலையம் கிடைத்தது. அதை வரைந்துகொண்டே, யாரும் கேட்காத அந்தக் கோர்ட்டையும் ஓரத்தில் வரைந்துகொண்டிருந்தாள். குற்றஞ்சாட்டப்பட்டு நிற்கிறவருக்குத் துணையாக வக்கீலும் பக்கத்திலேயே உட்கார்ந்தால் எப்படி? மரச்சட்டத்தையே எடுத்துவிட்டு, அவரையும் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்காரவைத்தால்? ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று முளைத்தது. கணவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "பஸ் எந்தப் பக்கம் வரும்?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

இடங்களை மாற்றிய வேலை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, கோர்ட் கூடுமுன் ஒரு காலை வேளையில் அவள் போனாள். நடைவழி காலியாக, கழுவி விட்டிருந்தது. மேல்ஜன்னல் வெளிச்சம் தரையில் கட்டம் கட்டமாகக் கிடந்தது. அந்த வழியாகவே நடந்து, பின்கதவைத் தள்ளி ஒரு ஹாலுக்குள் வந்தாள். பெஞ்ச் கிளார்க் வேலைக்குத் திரும்பியிருந்தார். செஷன்ஸ் ஹாலுக்குப் போக மாட்டேன் என்று சொல்லி இந்த ஹாலுக்கு மாற்றல் கேட்டு வாங்கியிருந்தார். புது இடத்தில் போட்ட மேஜையில், கோப்புகளை இடது கையால் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு இப்ப?" என்றாள் கோர்ட்டம்மா.

"கையா, எடமா?"

"ரெண்டும்."

"கை மழைக்கு வலிக்குது. எடம் பரவாயில்ல. ஆனா பதினோரு மணிக்கு மேல அந்த ஜன்னல் வெயில் நேரா மூஞ்சில அடிக்குது. கண்ணைச் சுருக்கிட்டே எழுதறேன். ஜட்ஜய்யா நான் மொறைக்கறேன்னு நினைச்சுக்கறார்."

அவள் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். மேஜையை நகர்த்தியபோது வெயில் எங்கே விழும் என்பதை யோசிக்கவில்லை. கைப்பையைத் திறந்து டேப்பை எடுத்தாள். "இந்த நுனியக் கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா? நல்ல கையால" என்றாள். கிளார்க் எழுந்து வந்து பிடித்துக்கொண்டார். வெளியே காவல் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அவள் ஜன்னலடியில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறினாள்.